அட்வகசி, இராஜதந்திரம், முயற்சியாண்மை மூன்றும் ஒரே முதுமாணியில்: யாழ்ப்பாணத்திலிருந்து போய்ப் படிக்கலாமா?

சங்குப்பிட்டி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். யாழ். பல்கலையில் புவியியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு, ஒரு அரச சார்பற்ற நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். நிதி வந்தால் நீடிப்பார்கள், வராவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

நிலைபேறான அபிவிருத்தியில் முதுமாணி செய்ய யோசிக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாடத்திட்டம் கண்ணில் பட்டது. மக்கள் பக்கம் நின்று கொள்கையை மாற்ற வாதாடும் அட்வகசி, நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையில் பேசித் தீர்க்கும் இராஜதந்திரம், சமூகத்துக்குப் பயன்படும் தொழிலைத் தொடங்கும் முயற்சியாண்மை, இந்த மூன்றையும் சேர்த்து ஒரு வருடமும் சில மாதங்களும். கடைசியில் களப் பயிற்சி, ஒரு செயற்திட்ட அறிக்கை.

வாசிக்க ஆசையாக இருக்கிறது. கட்டணத்தைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அம்மா "உதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவாய்?" என்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறா. எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கச்சேரியடி

தங்கச்சி, அம்மா கேட்டது சரியான கேள்வி. நான் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். நிலைபேறான அபிவிருத்திக்கான ஐ.நா.வின் 2030 நிகழ்ச்சி நிரலில் 17 இலக்குகள், 169 உப இலக்குகள். அதில் ஏதாவது ஒன்றை ஒட்டாத திட்ட முன்மொழிவு என் மேசைக்கு வந்ததே இல்லை. ஆடு வளர்ப்புக்கும் அந்த 17 இலக்குகளின் அதே வட்டப் படம், ஆடைத் தொழிற்சாலைக்கும் அதே வட்டப் படம்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தவர்கள் எங்களிடம் நிறையப் பேர். நிலத்தடி நீரை அளக்கத் தெரிந்தவர், புள்ளிவிபரத்தை ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், இவர்களைத்தான் தேடிப் பிடிக்க முடியவில்லை. அப்படி ஒரு துறையில் முதுமாணி செய்யுங்கள். பேசக் கற்றுக்கொள்ள முதுமாணி தேவையா?

தீவகத்தான்

அண்ணை சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். பேசத் தெரியாததால் எங்கள் தீவுகளுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் ஜெனரேட்டரை நம்பி இருப்பவை. குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஏறினால் எண்ணெய்ப் பீப்பாயும் மனுஷரும் ஒரே கடலில்தான் போக வேண்டும். காற்றும் வெயிலும் கொட்டிக் கிடக்கும் இடத்துக்கு எண்ணெய் ஏற்றுகிறோம். சூரியசக்தி, காற்று, பற்றரி எல்லாம் சேர்ந்த கலப்பு மின் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வந்தது. 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை இணங்கியது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த வருடக் கடைசியில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையால் திட்டத்தை இடைநிறுத்துவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். சுமார் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடை. 2024 மார்ச்சில்தான் ஓர் இந்திய நிறுவனத்தோடு வேலைக்கான ஒப்பந்தம் எழுதப்பட்டது.

இதில் பொறியியல் சிக்கல் எங்கே இருக்கிறது? விசிறி எத்தனை, தகடு எத்தனை என்று முதலே கணக்குப் போட்டாயிற்று. மூன்று தலைநகரங்களுக்கு இடையில் மூன்று வருடம் போனது. அந்தப் பேச்சில் தீவுச் சனத்துக்காக ஒரு கதிரை இருந்ததா? இருந்திருந்தால் அதில் இருக்கத் தகுதியான ஆள் எங்களிடம் இருந்தாரா? அதைத்தான் கேட்கிறேன்.

கச்சேரியடி

ஆள் இருந்திருந்தாலும் கதிரை கொடுத்திருக்க மாட்டார்கள் தம்பி. முதுமாணிச் சான்றிதழைக் காட்டி டெல்லிக்கும் பெய்ஜிங்குக்கும் நடுவில் போய் இருக்கலாம் என்று நினைப்பது பகிடி.

ஓலைப்பெட்டி

நான் முயற்சியாண்மைப் பக்கம் மட்டும் சொல்கிறேன். மற்ற இரண்டும் எனக்குத் தெரியாது.

சாவகச்சேரிப் பக்கம் பனம் பொருள் செய்கிறேன். ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு, ஓலைப் பெட்டி. என்னோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் பெண்கள். இந்தத் தொழிலில் முதல் எதிரி வானம். பனம்பழம் விழுந்து, பாத்தி போட்டு, கிழங்கு கிளப்பும் நேரம் மாரி முடிந்தும் முடியாமலும் இருக்கும். பிளந்த கிழங்கைப் பாயில் பரப்பினால் மத்தியானம் ஒரு இருட்டு இருட்டும். எல்லோரும் ஓடி வந்து அள்ளுவோம். ஒரு பாய் நனைந்தால் அடுத்த நாள் விளிம்பில் கறுப்புப் புள்ளி விழும். அந்தக் கிழங்கை மா ஆக்கினால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். கனடாக் கடைக்காரர் பொதியைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது அந்த நிறத்தைத்தான். பிறகுதான் ஈரப்பதம், பூஞ்சணம் என்று ஆய்வுகூட அறிக்கை கேட்பார்.

சூரிய உலர்த்தி போட வங்கிக்குப் போனேன். "நிலைபேறான தொழில், பெண் தலைமை, உள்ளூர் மூலப்பொருள்" என்று எல்லாம் அழகாக எழுதிக் கொண்டுபோனேன். அந்த உத்தியோகத்தர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. காணி உறுதி இருக்கிறதா, அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்பார்களா, அவ்வளவுதான் கேள்வி. காணி அப்பாவின் பெயரில், அப்பா உயிரோடு இல்லை, உறுதி மாற்றவில்லை. வடக்கில் இந்தக் கதை எத்தனை வீட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே தங்கச்சி, அந்தப் பாடத்திட்டத்தில் முயற்சியாண்மை என்று என்ன படிப்பிக்கிறார்கள் என்று வடிவாகப் பாருங்கள். முதலீட்டாளர் முன் ஐந்து நிமிடம் பேசுவது, வண்ணத் தாள்களைச் சுவரில் ஒட்டுவது மட்டும் என்றால் உங்கள் காசு வீண். அடக்கவிலை போடுவது, காசோட்டம் பார்ப்பது, ஏற்றுமதிச் சான்றிதழ்களின் ஒழுங்கு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, இவை இருந்தால் போங்கள். கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1978 இலிருந்து பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. பொருள் செய்யும் அறிவு இங்கேயே உண்டு. அதை விற்கும் இடத்தில்தான் நாங்கள் விழுகிறோம்.

வல்லைவெளி

ஓலைப்பெட்டி அக்காவின் பதிவை அப்படியே அச்செடுத்து வங்கிக்கு அனுப்ப வேண்டும்.

சுன்னாகத்தான்

அட்வகசிக்கு நான் சாட்சி. எங்கள் கிணற்று விஷயம் ஊருக்கே தெரியும், ஆனாலும் இளம் ஆட்களுக்காகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர்தான் எங்கள் சொத்து. சுன்னாகத்தில் அனல் மின் நிலையங்கள் இருந்த பக்கத்தில் கிணறுகளில் எண்ணெய் தெரியத் தொடங்கியது. வாளியில் அள்ளி வெயிலில் வைத்தால் மேலே மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஆடை படரும். விரலால் விலக்கினால் விலகும், திரும்பக் கூடும். அம்மம்மா அதைத் துணியால் வடித்துப் பார்த்தா. வடித்த துணியில் மணம் மட்டும் மிஞ்சியது. ஒழுங்கை முகப்பில் தண்ணீர்த் தாங்கி வைத்தார்கள், பவுசர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நிற்போம். குழந்தையைக் குளிப்பாட்டலாமா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அறிக்கைகள் ஒன்றோடு ஒன்று ஒத்துவரவில்லை. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனை பல கிணறுகளில் எண்ணெய் அளவு கூட என்றது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறு மாதிரிச் சொன்னது. சனம் எதை நம்பும்? கூட்டம் போட்டார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை வழக்காகக் கொண்டுபோனவர் தெற்கைச் சேர்ந்த ஒரு சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர். 2015 இல் தாக்கல் செய்த மனு, 2019 ஏப்ரலில் தீர்ப்பு. மாசாக்கியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நீதிமன்றம் ஏற்று, மின் நிலையத்தை நடத்திய நோர்தேர்ன் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது.

ஒரு கிணற்றுக்குப் பங்கு போட்டுப் பார்த்தால் அது பெரிய காசில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு இனி வரும் ஒவ்வொரு வழக்கிலும் மேற்கோளாக நிற்கும். மறியல் செய்யும் கோபமும், ஆய்வுகூட அறிக்கையில் ஒரு லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வாசிக்கும் பொறுமையும் ஒரே ஆளிடம் இருந்தால் எவ்வளவு வேகமாக நடந்திருக்கும் என்று இப்பவும் யோசிப்பேன். அந்தப் படிப்பு அப்படி ஒரு ஆளை உருவாக்கும் என்றால் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

கறுத்தக்கொழும்பான்

சட்டம் படிப்பிக்கிறவன் என்பதால் ஒரு சின்னச் சேர்க்கை. 1997 இல் ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான டான்யூப் ஆற்று அணைக்கட்டு வழக்கு ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் முடிந்தது. அங்கே இருந்த எங்கள் நாட்டு நீதியரசர் கிறிஸ்ரோபர் வீரமந்திரி தனியாக ஒரு கருத்துரை எழுதினார். நிலைபேறான அபிவிருத்தி வெறும் நல்லெண்ணப் பேச்சில்லை, சட்டத்தில் எடை உள்ள கோட்பாடு என்று நிறுவ அவர் உதாரணத்துக்கு எடுத்தது இலங்கையின் பழைய குளங்களையும் வாய்க்கால்களையும். 2000 இல், எப்பாவலவில் பொஸ்பேற் அகழ்வதை எதிர்த்த வழக்கில் எங்கள் உயர் நீதிமன்றம் அதை எடுத்தாண்டது. குளம் ஹேக்குக்குப் போய், வழக்காக அநுராதபுர மாவட்டத்துக்குத் திரும்பி வந்தது.

சங்குப்பிட்டி, இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இராஜதந்திரம் படிக்கிறேன் என்று போய் நியூயோர்க்கின் ஐ.நா. கட்டடங்களின் பெயரை மட்டும் மனனம் செய்துவிட்டு வராதீர்கள். இங்கிருந்து என்ன கொண்டுபோகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அங்கே உங்களுக்கு மதிப்பு.

மறுகரை

இப்படிப்பட்ட ஒரு கலப்புப் பாடநெறியை ஐரோப்பாவில் முடித்தவள். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

முதல் தவணை கோட்பாடு: நிலைபேறான அபிவிருத்தி என்றால் என்ன என்று சொன்ன, 1987 இன் புருன்ட்லாண்ட் அறிக்கையில் தொடங்கி 2015 இன் 17 இலக்குகள் வரை. பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். ரசித்தது பேச்சுவார்த்தைப் பயிற்சியைத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் பாத்திரம், மூடிய உறையில் இரகசிய அறிவுறுத்தல். எனக்கு நிலக்கரி விற்கும் நாடு கிடைத்தது. எனக்குப் பிடிக்காத நிலைப்பாட்டை மூன்று நாள் விடாமல் வாதாடினேன். எதிரில் இருப்பவர் ஏன் மசிய மாட்டேன் என்கிறார் என்பது அப்போதுதான் உடம்பில் ஏறியது. கொள்கைக் குறிப்பு எழுதும் பயிற்சியும் நல்லது. இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதினால் திருத்தாமலே திருப்பித் தருவார்கள். எங்கள் ஊரில் இருபது பக்கம் எழுதிப் பழகிய கைக்கு அது தண்டனைதான்.

பலவீனம் என்றால், கச்சேரியடி அண்ணை சொன்னதுதான். எண்களைக் கையாளத் தெரியாமல் வெளியே வருபவர்கள் அதிகம். நான் விருப்பப் பாடமாகப் புள்ளிவிபரமும் புவியியல் தகவல் முறைமையும் எடுத்தேன். எனக்கு வேலை தந்தது அந்த இரண்டும்தான்.

காசு: கைக்காசு கட்டிப் போகாதீர்கள். வீடு அடகு வைத்து எல்லாம் வேண்டவே வேண்டாம். பிரித்தானியாவின் செவெனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம், 2,800 மணித்தியாலம் காட்ட வேண்டும், முடிந்ததும் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் முண்டுஸ் புலமைப்பரிசில் என்றால் இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம். கொஸ்தாரிக்காவில் உள்ள சமாதானப் பல்கலைக்கழகம் 1980 இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தால் பிறந்தது. பெயரைப் பார்த்து இலவசம் என்று நினைக்காதீர்கள், அங்கும் கட்டணம் உண்டு. செலவு குறைவாக வேண்டும் என்றால் டெல்லியில் சார்க் நாடுகளின் தெற்காசியப் பல்கலைக்கழகமும், டெரி கல்வி நிறுவனமும் இருக்கின்றன.

வல்லைவெளி

ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சை, வங்கிக் கூற்று, வீசா வரிசை. இதைக் கடந்தவருக்கு இராஜதந்திரத்தில் பாதிப் புள்ளி சும்மாவே கொடுக்கலாம்.

களங்கண்ணி

எல்லோரும் மூன்றையும் சேர்த்துப் படிப்பது நல்லதா என்று கேட்கிறீர்கள். நான் மாறிக் கேட்கிறேன். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் ஊருக்கு ஆபத்தில்லையா?

எங்கள் பக்கம் கரையோரத்தில் கடலட்டைப் பண்ணை வந்தது. ஆழம் இல்லாத கடலில் தடி நட்டு வலை அடைத்து, காவலுக்குக் குடில். இரவில் பார்த்தால் கடலுக்குள் ஒரு தெரு விளக்கு வரிசை. வெள்ளை அட்டை வளர்த்து அவித்துக் காயவைத்தால் சீனா, ஹொங்கொங் சந்தையில் நல்ல விலை. அரியாலையில் சீன முதலீட்டில் குஞ்சு பொரிப்பகம். முயற்சியாண்மைப் புத்தகத்தில் போடலாம் போன்ற கதை. ஆனால் களங்கண்ணி, சிறகுவலை என்று கரையோரத்தில் வலை வைக்கிற சிறு தொழிலாளிக்கு மீன்பாடு போனது. இறால் வரும் வழியில் வலை. வள்ளம் போகும் வழியில் வலை. பண்ணை எடுத்தவர்களும் எங்கள் ஆட்கள்தான், எதிர்த்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். ஒரே வாசிகசாலைக் கூட்டத்தில் மச்சானும் மச்சானும் கதிரையைத் தூக்கினார்கள்.

அந்த நேரத்தில் ஒரு ஆலோசகர் வந்தார். காலையில் சிறு மீனவர் உரிமை பற்றிச் செயலமர்வு. பின்னேரம் பண்ணைக்காரருக்கு வணிகத் திட்டம். அடுத்த கிழமை கொழும்பில் தூதரகக் கூட்டம். மனுஷன் மூன்றிலும் கெட்டிக்காரர். யாருடைய ஆள் என்று கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியவில்லை.

சங்குப்பிட்டி

களங்கண்ணி அண்ணை, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பாடத்திட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நலன் முரண்பாடு பற்றி ஒரு பாடம்கூட இல்லை. தலைமைத்துவம் என்று மட்டும் இரண்டு இருக்கிறது.

தீவகத்தான்

ஆலோசகர் கெட்டிக்காரர் என்பதில் பிழையில்லை. யாருக்காகப் பேசுகிறேன் என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலைப் பிரச்சினையில் பாருங்கள். 2010 இலும் 2014 இலும் இந்தியா, இலங்கை இரண்டு கரை மீனவர்களும் நேரில் கதைத்தார்கள். 2016 இல் இரண்டு அரசுகளும் கூட்டுச் செயற்குழு அமைத்தன. 2017 இல் இங்கே இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தார்கள். மீனவர் பேசியது, அரசு பேசியது, சட்டம் வந்தது, எல்லாம் தனித்தனி மேசை. மடி இன்னும் இழுபடுகிறதுதான், அது வேறு கதை. ஆனால் யார் எந்த மேசையில் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

களங்கண்ணி

அதைத்தான் நானும் சொல்கிறேன். மூன்றையும் படிக்கட்டும், அதில் பிழை காணவில்லை. அப்படிப் படித்தால் எதிர் மேசைக்காரர் என்ன கணக்கோடு வந்திருக்கிறார் என்று தெரியும். ஊருக்குள் வரும்போது ஒரு மேசையில் இருக்கட்டும்.

கச்சேரியடி

இதற்கு நான் எதிர்ப்பில்லை. தங்கச்சி, உங்களுக்கு எந்த மேசை? அதை முடிவெடுத்தால் எந்தப் பாடநெறி என்று தானாகத் தெரியும். சும்மா "சமூக மாற்றம்" என்று விண்ணப்பக் கடிதத்தில் எழுதினால் தெரிவுக்குழு அடுத்த தாளுக்குப் போய்விடும்.

சங்குப்பிட்டி

இரண்டு நாளாக இதையே யோசித்தேன். தண்ணீர். கிளிநொச்சியில் வேலை செய்யும்போது இரணைமடுக் குளத்து விவசாயிகளோடு பழகியிருக்கிறேன். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுவரும் திட்டம் இருந்தது. "எங்கள் சிறுபோகத்துக்கே காணாது, அதை எப்படித் தருவது?" என்று அவர்கள் மறுத்தார்கள். பிறகு வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் என்று மாறியது. அங்கே மீனவர்கள் பயந்தார்கள். 2024 ஓகஸ்டில் நிலையம் திறக்கப்பட்டது, ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு.

கடன் கொடுத்த வங்கி, குளத்து விவசாயி, கடற்கரை மீனவர், யாழ். நகரில் குழாய்க்குக் காத்திருக்கும் வீட்டுக்காரர் என்று நாலு பக்கம். யார் எப்போது என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் பேச்சு முறிந்தது, எதனால் திட்டம் திரும்பியது என்று முழுதாக எழுதிவைத்த ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. செயற்திட்ட அறிக்கைக்கு அதை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். மேசை என்று கேட்டால், விவசாயிகள் பக்கம்.

கறுத்தக்கொழும்பான்

நல்ல தெரிவு. ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கிளிநொச்சி விவசாயிக்காகப் பேச வந்தால் முதலில் சந்தேகப்படுவார்கள். குளத்தின் கமக்காரர் அமைப்புகளிடம் போகும் முன் அவர்களுடைய பழைய கூட்ட அறிக்கைகளைக் கேட்டு வாசியுங்கள். வங்கியின் திட்ட ஆவணங்கள் இணையத்தில் பகிரங்கமாகக் கிடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி அறிக்கை எழுதலாம்.

ஓலைப்பெட்டி

நீர்க் கட்டணம் யார் எவ்வளவு கட்டுவார்கள் என்ற கணக்கையும் சேருங்கள். கடல் தண்ணீரை நன்னீராக்க மின்சாரம் சும்மா வராது. அந்தச் செலவை யார் தாங்குவது என்று ஒருவரும் சனத்துக்கு விளக்கமாகச் சொல்லவில்லை.

மறுகரை

அப்படியென்றால் அந்தப் பாடநெறியில் நீர் முகாமை விருப்பப் பாடம் இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். இல்லாவிட்டால் நீர்க் கொள்கை பிரதானமாக உள்ள வேறு ஒன்றைப் பாருங்கள், பேச்சுவார்த்தைப் பாடத்தை அதன் மேல் எடுக்கலாம். பரிந்துரைக் கடிதம் ஒன்று கட்டாயம் களத்தில் உங்களை மேற்பார்வை செய்தவரிடமிருந்து வரட்டும். பேராசிரியர் எல்லோருக்கும் ஒரே கடிதத்தைத்தான் கொடுப்பார்.

சங்குப்பிட்டி

மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கும் சொன்னேன், "இரணைமடுத் தண்ணியைப் பற்றிப் படிக்கப் போறன்" என்று. "அதுக்கு ஏன் பிள்ளை அவ்வளவு தூரம் போகவேணும்?" என்று இப்போது புதுக் கேள்வி.